சொற்சுவரும் தோட்டப் பாடசாலையும்: ஊவாப் பெருந்தோட்டச் சிறுவரின் வாசிப்பு, எழுத்துப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

மலையகக் கல்வி பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் கட்டட வசதி, ஆசிரியர் பற்றாக்குறை, மாணவர் இடைவிலகல், பரீட்சைப் பெறுபேறு ஆகியன பெரிதும் பேசப்பட்டுள்ளன. அவை பேசப்படவேண்டியனவே. எனினும், கட்டடமும் ஆசிரியரும் கிடைத்த பின்னர் வகுப்பறையினுள்ளே மொழி எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்ற வினா ஒப்பீட்டளவிற் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. இக்கட்டுரை அவ்வினாவின் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்கின்றது. ஆரம்ப வகுப்புகளின் சுவரிலே சொற்களை எழுதிக் காட்சிப்படுத்தும் வழக்கத்தை, பதுளை மாவட்டத்தையும் அதனையடுத்த ஊவாத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு ஆராய்வதே இதன் நோக்கம்.

இவ்வாறு காட்சிப்படுத்தப்படும் சொற்றொகுதியைச் சொற்சுவர் எனலாம். மாணவர் வாசிப்பிலும் எழுத்திலும் அடிக்கடி எதிர்கொள்ளும் சொற்கள், அவர்கள் கண்ணுக்கெட்டும் உயரத்தில், தெளிவான பெரிய எழுத்தில், ஓர் ஒழுங்குமுறைப்படி வைக்கப்படுகின்றன. புதிய சொற்கள் காலத்துக்குக் காலம் சேர்க்கப்படுகின்றன. வாக்கியம் எழுதும் பிள்ளை தனக்கு ஐயம் ஏற்படும்போது சுவரை நோக்கி எழுத்தைச் சரிபார்த்துக்கொள்கின்றது. முறை எளியது, செலவும் அற்பம். ஆயினும் எந்தச் சொல் சுவருக்கு வரவேண்டும், அதனைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்கத் தொடங்கியதும் இது வெறும் கற்பித்தல் உத்தியாக இருப்பது போய், ஒரு சமூக வினாவாகிவிடுகின்றது.

1. பின்னணி

தோட்டப் பாடசாலைகளின் தோற்றத்தைச் சுருக்கமாக நினைவுகூர்தல் ஈண்டுப் பொருந்தும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. பத்து வயதோடு அது முடிவுற்றமை தற்செயலன்று. அதன் பின்னர் பிள்ளையைக் கொழுந்து மலை எதிர்பார்த்திருந்தது. கல்வி தொழிலாளரைத் தோட்டத்திலிருந்து பெயர்த்துவிடும் என்ற அச்சமும் நிர்வாகங்களிடையே நிலவிற்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனுக்கு வெளியே நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்தே அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடனின் உதவியுடன் தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டங்கள் இடம்பெற்றன. பின்னர் ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நிறுவப்பட்டது. மலையகத்தில் பிறந்தவர்களே மலையகத்தில் ஆசிரியராகும் வாய்ப்பை அது விரிவாக்கியது.

பழைய தோட்டப் பாடசாலையின் அமைப்பையும் கவனித்தல் வேண்டும். தடுப்பில்லாத ஒரே மண்டபம், இடுப்பளவு அரைச்சுவர், ஒரே ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே அதன் பொதுவான உருவம். இன்று பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளைப் பகுதிகளிற் புதிய கட்டடங்கள் பல எழுந்துள்ளன. ஆயினும் ஓராசிரியர் ஒரே வேளையில் இரண்டு மூன்று வகுப்புகளை நடத்தும் பல்வகுப்புக் கற்பித்தல் சிறிய பாடசாலைகளுக்குப் புதியதன்று. இத்தகைய சூழலில் ஆசிரியர் ஒரு வகுப்போடு பேசும் வேளையில் மற்ற வகுப்பு எதனோடு பேசும் என்பது நடைமுறை வினா. நன்கு அமைந்த சொற்சுவர் அதற்குரிய விடைகளுள் ஒன்றாகும்.

வீட்டு நிலையையும் மறத்தலாகாது. 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கிவருகின்றது. லயத்து வீடுகள் பலவற்றில் அப்பாடநூல்களைத் தவிர வேறு அச்சுப் புத்தகம் இருப்பது அரிது. நகரத்துப் பிள்ளை பாடசாலைக்கு வருமுன்னரே கடைப்பலகை, பேருந்துப் பெயர்ப்பலகை, செய்தித்தாள் எனப் பலவாறு எழுத்தோடு பழகிவிடுகின்றது. தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தின் முதல் உலகம் பெரும்பாலும் வகுப்பறையே. ஆகவே அதன் சுவர் வெறுமையாயிருப்பது ஏனைய இடங்களிலும் பார்க்க இங்கு பாரதூரமானது.

2. ஒரே சொல், இரு உலகங்கள்

சொற்சுவர் பற்றிய வழக்கமான எண்ணம், கடினமான சொற்களைத் தெரிந்து எழுதி வைத்தல் என்பதாகும். பாடநூலின் ஒவ்வொரு பாடத்தின் ஈற்றிலும் உள்ள அருஞ்சொற்களே அவ்வாறு சுவருக்கு வருகின்றன. ஆனால் தோட்டத்துப் பிள்ளை இடறும் இடம் எப்போதும் அருஞ்சொல்லன்று. ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நன்கு தெரிந்ததாகத் தோன்றும் மிக எளிய சொற்களிலேயே இடறல் நிகழ்கின்றது. ஐயமேதும் எழாத காரணத்தால் அது வெளித்தெரிவதுமில்லை.

'மலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் அது உயர்ந்த நிலப்பகுதி. தோட்டத்தில் அது கொழுந்து பறிக்கும் வயற்பிரிவு. மலைகளுக்கு எண் உண்டு. இன்று எந்த மலையில் வேலை என்பது காலைப் பிரட்டுக்களத்தில் தீர்மானிக்கப்படுகின்றது. தாய் மலைக்குப் போனாள் என்று பிள்ளை எழுதினால், அவள் ஏதோ சிகரம் ஏறினாள் என்பது அதன் பொருளன்று.

'பேர்' என்ற சொல் இன்னும் நுட்பமானது. பாடநூற் பிள்ளை தன் பெயரைச் சொல்லும், எழுதும். தோட்டத்தில் பேர் என்பது செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள் வேலை. குறித்த நிறை பறிக்கப்படாவிடின் அரைப்பேர். ஆளின் பெயரும் அவள் உழைத்த நாளும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. பேர் விழவில்லை என்று தாய் வருந்தக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல் சுமக்கும் பாரம், பாடநூலாசிரியர் எண்ணியிராதது.

'நாடு' என்ற சொல்லோ ஒரு வரலாற்றையே உள்ளடக்கியது. எமது நாடு இலங்கை என்று முதல் வகுப்புகளிலேயே பிள்ளை கற்கின்றது. தோட்டத்துப் பேச்சில் நாடு என்பது தோட்ட எல்லைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமப் பகுதி. அங்கு வாழ்வோர் நாட்டார். நாடு தோட்டத்துக்கு வெளியே தொடங்குகின்றது என்ற இவ்வழக்கு, தோட்டத்தைத் தனித்தீவாக வைத்திருந்த அமைப்பின் மொழிப் பதிவாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளிடையே எண்ணிக்கையாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. பாட்டனார் காலத்தில் மறுக்கப்பட்டதும், லயத்திலிருந்து பார்க்கும்போது தோட்டத்துக்கு வெளியே இருந்ததுமான 'நாடு', பேரப்பிள்ளையின் பாடநூலில் 'எமது நாடு' என நிற்கின்றது. இவ்விரு பொருள்களையும் அருகருகே வைத்துக் காட்டாத ஆசிரியர், பிள்ளைக்குச் சொல்லைக் கற்பித்தவராவார், பொருளைக் கற்பித்தவராகார்.

இத்தகைய சொற்கள் வேறும் உள. 'துண்டு' இன்று தோளிற் போடும் துணியையும் சிறு காகிதத்தையும் குறிக்கும். 1921இல் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் கடனைக் குறித்து அவரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்ற உதவிய சீட்டும் துண்டே. 'கூலி' தமிழில் வேலைக்குரிய ஊதியம். காலனித்துவ ஆவணங்களில் அது வேலை செய்த மனிதரின் பெயராகிவிட்டது. றப்பர் மரங்கள் நிற்கும் மொனறாகலைத் தோட்டங்களில் 'பால்' என்பது மரத்திலிருந்தும் வடியும். மேல்வகுப்பில் அதே சொல் ஆண்பால், பெண்பால் என இலக்கணமாகின்றது.

மேற்கூறிய சொற்கள் எந்த அருஞ்சொற் பட்டியலிலும் இடம்பெறா. சொற்சுவருக்கு முதலில் வரவேண்டியவை இவையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

3. வழக்கும் இலக்கணமும்

தோட்டச் சொற்களைச் சுவரில் எழுதுவது தமிழைக் கெடுப்பதாகும் என்ற எதிர்ப்பு எழக்கூடும். லயம், காம்பரா, பிரட்டு, செக்ரோல் போன்றவை ஆங்கிலத்திலிருந்தும் போர்த்துக்கேயத்திலிருந்தும் வந்தவை என்பது உண்மையே. லகரமும் றகரமும் மொழிக்கு முதலில் வாரா எனத் தொல்காப்பிய மொழிமரபு கூறுவதும் உண்மை. ஆயினும் அதே தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, நிலத்துக்கு நிலம் வேறுபடும் வழக்குக்கும் பிறமொழி வரவுக்கும் மொழியினுள்ளே இடமளித்தது. லயமும் பிரட்டும் அவ்விடத்துக்கு உரிமை கோருவதில் இலக்கண மரபுக்கு இழுக்கேதும் இல்லை.

ஈழத்து இலக்கிய உலகில் இவ்வழக்கு ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது. 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்திலே, உழைக்கும் மக்களின் பேச்சை எழுதுவது இழிசனர் வழக்கை எழுதுவதெனப் பண்டிதர் சிலர் பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர் அதனை மறுத்து எழுதினர். வாசகர் அவர்கள் பக்கம் நின்றனர். மலையகத்திலும் புனைகதை லயத்துப் பேச்சைத் தயங்காது ஏற்றுக்கொண்டது. பதுளைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தாமும் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் எழுத்துகள் இதற்குத் தக்க சான்று. நாவலுக்குள் மதிப்போடு நுழைந்த சொல், அதே தோட்டத்துப் பாடசாலையின் இரண்டாம் வகுப்பிற் பிழையெனச் சிவப்பு மையால் வெட்டப்படுமாயின், இலக்கியத்தில் வென்ற கொள்கை வகுப்பறை வாயிலிலேயே நின்றுவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும்.

எழுத்துப்பிழையையும் வழக்குச்சொல்லையும் பிரித்தறிதல் இங்கு இன்றியமையாதது. 'கொழுந்து' என்ற சொல்லைப் பேச்சொலியைப் பின்பற்றிக் 'கொளுந்து' என எழுதுவது எழுத்துப்பிழை; அது திருத்தப்படல் வேண்டும். 'பிரட்டு' என எழுதுவது பிழையன்று. அது ஒரு சொல். லகர, ளகர, ழகர வேறுபாடும் ரகர, றகர வேறுபாடும் தமிழ்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுவான இடர்கள். கொழுந்து, மழை, புழு, குழி எனப் பழகிய சொற்களை ஒரே வரிசையில் நாள்தோறும் காணும் பிள்ளை, விதி சொல்லாமலே ழகரத்தைக் கண்ணாற் பழகிக்கொள்ளும். சொற்சுவரின் மிகத் தெளிவான பயன் இதுவே.

4. பிற இடங்களின் அனுபவம்

பிள்ளையின் சொல்லிலிருந்து தொடங்குதல் என்ற கொள்கை உலகுக்குப் புதியதன்று. நியூசிலாந்தில் மாவோரிச் சிறுவர்க்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளிவந்த 'ஆசிரியர்' என்னும் நூலில் தமது முறையை விளக்கினார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு, அதனை அட்டையில் எழுதி அதன் கையிற் கொடுத்தார். மறுநாட் காலையில் பிள்ளை அடையாளங்காணாத அட்டை நீக்கப்பட்டது. அயலார் பாடநூலில் மாதக்கணக்காகத் தடுமாறிய பிள்ளைகள், தம் அச்சத்தையும் அன்பையும் குறித்த சொற்களை ஒரே பார்வையிற் பற்றிக்கொண்டதை அவர் கண்டார்.

அதே 1963இல் வடகிழக்குப் பிரேசிலின் அங்கிகோஸ் என்னுமிடத்தில் பாவுலோ பிரெய்ரே ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு எழுத்தறிவூட்டினார். மக்களின் பேச்சை முதலில் ஆராய்ந்து, அவர்கள் வாழ்வில் அழுத்தமுள்ள சில சொற்களைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் அசைகளாகப் பிரித்து, அவ்வசைகளின் குடும்பத்திலிருந்து புதிய சொற்களை அவர்களே ஆக்கச்செய்தார். செங்கல் என்ற சொல்லைப் படிக்கும்போது செங்கல் அடுக்குபவனுக்கு ஏன் வீடில்லை என்ற பேச்சும் எழுந்தது. 1964ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சி அத்திட்டத்தை நிறுத்தி அவரைச் சிறைக்கும் பின்னர் நாட்டுக்கு வெளியேயும் அனுப்பிற்று. எளிய சொல்லட்டை எத்துணை வலிமையுடையது என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர் போலும்.

பிரெய்ரேயின் அசைக்குடும்பம் தமிழுக்கு அந்நியமன்று; எமது உயிர்மெய் வரிசையே அது. கொழுந்துக் 'கூடை'யை எடுத்துக்கொண்டால், ககர வரிசையும் டகர வரிசையும் கிடைக்கின்றன. அவ்விரு வரிசைகளிலிருந்து கடை, குடை, காடு, கூடு, கோடு, கேடு எனப் பிள்ளை தானே சொல்லாக்க முடியும். 247 எழுத்தையும் மனனஞ் செய்த பின்னரே சொல் என்ற பழைய வரிசைமுறையினும், தாயின் தோளிலிருக்கும் கூடையிலிருந்து எழுத்துக்குச் செல்வது இயல்பானது.

தமிழகத்தின் அனுபவமும் அறியத்தக்கது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் தரையில் அமர்ந்தே எழுதக்கூடிய தாழ்ந்த கரும்பலகைகள் சுவரோரமாக அமைக்கப்பட்டன. அவர்களின் ஆக்கங்கள் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் தொங்கவிடப்பட்டன. சுவர் ஆசிரியருக்குரியது என்ற எண்ணம் அங்கு மாறத் தொடங்கியது.

எச்சரிக்கையும் தேவை. 2014இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் 24 சிறு பிள்ளைகளிடம் நடத்திய சோதனையில், அலங்காரம் மிகுந்த வகுப்பறையிலிருந்தோர் கவனம் சிதறிக் குறைவாகவே கற்றமை தெரியவந்தது. பரிசோதகர் வருகைக்காக ஒருமுறை ஒட்டி, ஆண்டு முழுவதும் மங்கவிடப்படும் வண்ண அட்டைகள் சொற்சுவராகா.

5. நடைமுறைக்கான சில முன்மொழிவுகள்

ஊவாவின் சிறிய தோட்டப் பாடசாலையொன்றிற் செய்யக்கூடியவை சிலவற்றை இங்கு குறிப்பிடலாம். அரைச்சுவர் மண்டபத்திற் சுவரே இல்லையெனின் கழுவிய உரச்சாக்கை விரித்துத் தைத்துக் கயிற்றில் தொங்கவிடலாம். மழைக்கும் பனிமூட்டத்துக்கும் அட்டையிலும் அது தாக்குப்பிடிக்கும். மாலையிற் சுருட்டி வைக்கவும் முடியும். வாரத்துக்கு ஐந்து சொற்கள் போதுமானவை. சொற்கள் முதலெழுத்து வரிசையில் நிற்றல் வேண்டும். லகரத்துக்கும் றகரத்துக்கும்கூட ஓர் இடம் ஒதுக்கப்படலாம்.

இருபொருட் சொற்களுக்கு அட்டை மூன்று வரிகளாக அமையலாம். முதல் வரியில் வீட்டு வழக்கு, இரண்டாவதிற் பாடநூற் பொருள், மூன்றாவதிற் பிள்ளையே ஆக்கிய வாக்கியம். 'அம்மா பன்னிரண்டாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறார். நமுனுகுலை உயரமான மலை' என்று ஒரு பிள்ளை எழுதுமாயின், அது இரு பொருளையும் பிரித்தறிந்துவிட்டது எனத் துணியலாம்.

சொற்களைத் திரட்டும் பொறுப்பில் பெரும்பகுதி மாணவரைச் சார்தல் வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர் பாட்டன் பாட்டியிடம் கேட்டு, கவ்வாத்து, மட்டக்கம்பு, தவறணை போன்ற தொழிற்சொற்களைப் பொருளோடு எழுதிவரலாம். அவற்றை அவர்களே கீழ்வகுப்புக்குரிய அட்டைகளாக எழுதும்போது, பல்வகுப்புக் கற்பித்தலின் இடர் ஓரளவு வாய்ப்பாக மாறுகின்றது. எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியும் அவ்வேளையிற் பாடசாலைக்கு ஓர் அறிவுமூலமாகின்றாள். நன்கு பழகிய சொற்கள் சுவரிலிருந்து இறங்கி மாணவரின் சொல்லேட்டுக்குச் செல்ல, புதியவை இடம்பெறும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் பத்து நிமிடமாவது சுவரை நோக்கி வாசித்தலும், ஒரு சொல்லை மறைத்துக் கண்டுபிடித்தலும், அச்சொற்களைக்கொண்டு இரு வாக்கியம் எழுதுதலும் நிகழவேண்டும்.

6. முடிவுரை

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான நியாயம் ஒன்றுண்டு. கூடையும் கவ்வாத்தும் பிரட்டும் நிறைந்த சுவர், பிள்ளையை மீண்டும் மலைக்கே அனுப்பாதா? 1920ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயதில் வரைந்த எல்லையை நாம் சொற்களால் மறுபடியும் வரைகின்றோமா? தம் பிள்ளை கூடை தூக்கக்கூடாது என்பதற்காகவே பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் இவ்வினாவைக் கேட்பாராயின், அவர்களைக் குறைகூற இயலாது.

அதனாலேயே தோட்டச் சொல் மட்டும் நிற்கும் சுவரை இக்கட்டுரை வேண்டவில்லை. வீட்டுச் சொல்லும் பாடநூற் சொல்லும் ஒரே அட்டையில் அடுத்தடுத்து நிற்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். முதலாவதை மறைத்து இரண்டாவதை மட்டும் கற்பிக்கும் வகுப்பறை, தாயின் பேச்சு வெட்கத்துக்குரியது என்பதையும் கூடவே கற்பித்துவிடுகின்றது. வெட்கப்படும் பிள்ளை வாய்திறவாது, எழுதவும் எழுதாது. முதலாவதோடு நின்றுவிடும் வகுப்பறையோ பிள்ளைக்குரிய உலகத்தை அதற்கு மறுக்கின்றது. பரீட்சைத் தாளும் விண்ணப்பப் படிவமும் நீதிமன்றக் கட்டளையும் பாடநூற் றமிழிலேயே எழுதப்படுகின்றன. அவற்றை வாசிக்கவும் மறுத்தெழுதவும் வல்லவர்களாக இப்பிள்ளைகள் வளர்தல் வேண்டும்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர் வாழ்ந்தனர். அவர்களுடைய தொழிற்சொற்களையும் வாழ்க்கைச் சொற்களையும் முறையாகத் திரட்டி, ஆரம்ப வகுப்பு ஆசிரியர் கையாளத்தக்க சிறு சொற்றொகுதியாக வெளியிடுதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கக்கூடிய பணியாகும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஊவாத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் விடுமுறைக்கு வீடு செல்கையில் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுசெல்வார்களாயின், அப்பணி தொடங்கிவிடும்.